வாசப்படி தாண்டாத தலைவர்

மயிலோன் கபடிக் குழுவின் புதுப் பனியனில் ஊதாவும் ஆரஞ்சுமாய்க் கட்சிக் கரை ஏறிய அன்றுதான் திருப்பதி சபதம் போட்டார். அந்தக் கரையைக் கிழித்துப் போட்டுவிட்டு, குழுவே திரண்டு வந்து கதவைத் தட்டிக் கூப்பிடும்வரை தன் வீட்டு வாசப்படியைத் தாண்ட மாட்டார். செல்போனையும் அணைத்துப் பீரோவுக்குள் வைத்துவிட்டார். போனில் கெஞ்சினால் செல்லாது. நேரில் வந்து கெஞ்ச வேண்டும். கொல்லைவாசல் மட்டும் கணக்கில் சேராது என்று முதல் நாளே விலக்குக் கொடுத்துக்கொண்டார்.

முப்பத்தொரு வருஷமாக அந்தக் குழுவுக்குத் தலைவர். விராலிமலைப் பக்கம் எந்த ஊரில் கபடி என்றாலும் கோட்டுக்கு வெளியே முதல் ஆளாய் நிற்பது அவர்தான். குழுவில் எல்லாக் கட்சிக்காரரும் உண்டு. களத்துக்குள் மட்டும் கட்சி கிடையாது. அது அவர் போட்ட சட்டம். பனியன் எடுத்துக் கொடுத்த பிரமுகர் அந்தச் சட்டத்துக்கே கரை கட்டிவிட்டார். பையன்கள் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. அதுதான் அவருக்கு வலித்தது.

"நான் இல்லாம மூணு நாளு தாங்க மாட்டாய்ங்க," என்றார் மனைவி கண்ணாத்தாளிடம்.

"எங்க தாங்குறது," என்றாள் அவள், முருங்கைக்கீரையை முறத்தில் போட்டபடி. "இந்தாங்க, இதை உருவுங்க."

மூன்று நாள் போயிற்று. ஒரு வாரமும் போயிற்று. யாரும் வரவில்லை. தெருவில் செருப்புச் சத்தம் கேட்கும். வாசலுக்கு நேரே வந்ததும் வேகம் பிடித்துத் தாண்டிப் போய்விடும். சாயங்காலமானால் மைதானத்து மைக் சத்தம் மட்டும் ஜன்னல் வழியே வரும். தன் பெயர் வருகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அந்த நேரம் பார்த்துக் காற்று அங்கிட்டுத் திரும்பிவிடும்.

மகன் சிங்கப்பூரில், மகள் கோயம்புத்தூரில். பிள்ளைகள் இல்லாத வீடு இவ்வளவு பெரியது என்று அவருக்கு அதுவரை தெரியாது. கீரை உருவினார். பரணைத் துடைத்தார். கண்ணாத்தாள் விளக்கேற்றிக் கும்பிடும்போது பக்கத்தில் போய் நின்றார்.

"ஒரு மனுஷன இப்படியா மறப்பாய்ங்க?" என்று ஒரு நாள் சாப்பிடும்போது புலம்பினார். அவள் இன்னொரு தோசை வைத்தாள்.

மூன்றாவது ஞாயிறு, இறுதிப் போட்டி. காலையிலேயே தெருவில் பேச்சுக்குரல். ஜன்னல் இடுக்கில் பார்த்தார். கேப்டன் பிரசாந்த் முன்னால் நிற்க, குழுவே வந்திருந்தது. திருப்பதி சட்டையை மாட்டிக்கொண்டு கதவுக்குப் பின்னால் தயாராய் நின்றார். தட்டவில்லை. மறுபடி எட்டிப் பார்த்தால், தெருவின் எதிர்ப்பக்கமே நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டு, ஒரு குலை இளநீரை இறக்கி வைத்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார்கள்.

சபதமாவது ஒன்றாவது. கதவைத் திறந்துகொண்டு படியில் இறங்கினார். எல்லோரும் நாலடி பின்வாங்கினார்கள்.

"தலைவரே, உள்ள போங்க. காத்துப் படக்கூடாது," என்றான் பிரசாந்த்.

"கரையை எடுத்தீங்களாடா?"

"காய்ச்சல் இன்னும் எறங்கல போல," என்று பின்னால் ஒருவன் முணுமுணுத்தான்.

திருப்பதி திரும்பிப் பார்த்தார். நிலைக்கு மேலே ஒரு கொத்து வேப்பிலை, அன்றன்றைக்கு மாற்றிய பச்சை வாடாமல். அம்மை கண்ட வீட்டில்தான் அப்படிச் செருகுவார்கள். அந்த வீட்டுக் கதவை எவன் தட்டுவான்?

"கண்ணாத்தா."

அவள் முந்தானையில் கையைத் துடைத்தபடி வந்து நின்றாள். "அம்மைன்னு நான் யார்கிட்டயும் வாய் தொறக்கலங்க. மாரியாத்தாளுக்கு வேண்டிக்கிட்டுச் சொருகினேன். பாத்தவங்க அவங்களா நெனச்சுக்கிட்டாங்க."

"என்ன வேண்டுதல்?"

"முப்பத்தோரு வருஷமா சாயங்காலமானா நீங்க அங்கிட்டு, நான் இங்கிட்டு. புள்ளைங்க இருந்தவரைக்கும் தெரியல. ஒரு மாசமாச்சும் இந்த மனுஷன் வீட்ல இருக்கட்டும் தாயீன்னு கேட்டேன்."

கோபம் வர வேண்டிய இடத்தில் அவருக்கு வேறென்னமோ வந்தது. அவளைத் திட்ட வாய் வரவில்லை. தெருவில் நிற்பவர்களிடம் உண்மையைச் சொல்லவும் முடியாது, ஊரே சிரிக்கும்.

பிரசாந்த் தூரத்திலிருந்தே ஆறுதல் சொன்னான். "கவலப்படாதீங்க தலைவரே. நீங்க நல்லாகணும்னு மைதானத்துல பெரிய பிளக்ஸ் வச்சிருக்கோம். பனியன் குடுத்தவரு செலவு. ஒங்க படத்தச் சுத்தி ஊதாவும் ஆரஞ்சுமா கரை போட்டிருக்கு."

திருப்பதி நிலையைப் பிடித்துக்கொண்டார். "என் போட்டோ எப்படிடா கெடச்சுச்சு?"

"கொல்லை வேலிக்கு அங்கிட்டு நின்னு கேட்டாங்க, நான்தான் குடுத்தேன்," என்றாள் கண்ணாத்தாள். "அந்தக் கரை ஒங்களுக்கு எடுப்பா இருக்கும்னு எனக்கு அப்பவே தோணுச்சுங்க."