சம்பந்தி காட்டிய வலப்பக்கம்

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

பெண்ணைப் பெற்றவன் எழுதிக்கொள்வது. என் முழங்கால் இரண்டையும் தவிர இங்கு அனைவரும் நலம். தங்கள் நலமும், தங்கள் துணைவியார் நலமும், என் தொப்பியைத் தின்ற ஆட்டின் நலமும் அறிய ஆவல்.

நிச்சயதார்த்தத்துக்கு முன் இரு வீட்டாரும் கலந்து பழக வேண்டும் என்று தாங்கள் சொன்னபோது, எங்காவது உட்கார்ந்து காபி குடிப்போம் என்று நினைத்தேன். தாங்களோ பள்ளத்தாக்கில் நடப்போம், குகை பார்ப்போம், கோட்டை பார்ப்போம் என்றீர்கள். குறை சொல்கிறேன் என்று எண்ண வேண்டாம். பாதை இரண்டாகப் பிரிந்த இடத்தில் ஆளுயரப் பலகை ஒன்று அம்புக்குறியோடு நின்றது. தாங்கள் அதன் மேலேயே சாய்ந்துகொண்டு, கைத்தடியை வலப்பக்கம் நீட்டி, "இந்தப் பக்கம்தான் சம்பந்தி, இந்த இடமெல்லாம் எனக்குத் தண்ணி பட்ட பாடு" என்றீர்கள். நான் பலகையைப் பார்த்தேன். என் மனைவி முழங்கையில் கிள்ளி, "வாயைத் தொறக்காதீங்க, நாம பொண்ணு வீடு" என்றாள். உடனே நான், "நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றேன். அதன்பிறகு முள்ளில் நுழைந்து, ஓடையில் இறங்கி, என் ஷூ வாயைப் பிளக்க, அதைக் கைக்குட்டையால் கட்டிக்கொண்டு நொண்டி நொண்டி வந்தேன். தாங்கள் திரும்பி, "எப்படி இருக்கு?" என்று கேட்டீர்கள். "சொர்க்கம்" என்றேன்.

அப்புறம் ஜன்னல் இல்லாத அந்தக் கல் அறை. ராணி குளித்த மண்டபம் என்று வெயிலில் நிற்க வைத்து விளக்கினீர்கள். குடிநீர் வாரியத்தில் காலம் தள்ளியவன் நான். சுவரில் துருப்பிடித்த குழாய் ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. ராணியாயிற்றே, வசதியாக இருந்திருப்பாள் என்று விட்டுவிட்டேன். என் மனைவி ராணிக்காகக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எங்க வீட்டுக் குழாய்ல ஒரு வாரம் தண்ணி வராதப்பகூட அவ அழுததில்லை. அந்த நேரம் பார்த்துத்தான் ஆடு என் தொப்பியை எடுத்துக்கொண்டது. தாங்கள், "பாவம், பசி போல" என்றீர்கள். ஆமாம், பாவம் என்றேன்.

ஒருவழியாகக் குகை வந்தது. வாசலோ குனிந்து போகிற உயரம். "நீங்க முதல்ல போங்க" என்றேன். "அதெப்படி, நீங்க போங்க" என்றீர்கள். இப்படியே மாறி மாறிச் சொல்லி, கடைசியில் இருவரும் ஒரே நேரத்தில் குனிந்தோம். தங்கள் மண்டை கெட்டி. நம் மனைவிமார் நமக்குத் தலையைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது, என் பெண்ணும் தங்கள் பையனும் டார்ச்சை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்கள்.

வெளியே வரும்போது என் பெண் சிரித்துக்கொண்டே வந்தாள். அவள் அப்படிச் சிரித்து வெகு நாளாயிற்று. எனக்கு முள்ளும் மறந்தது, ஷூவும் மறந்தது. இவ்வளவையும் நான் பொறுத்துக்கொண்டது அவளுக்காகத்தான். நாளைக்கு அவ உங்க வீட்டுக்கு வரப்போறவ. நான் இங்க ஒரு வார்த்தை எசகுபிசகா பேசி, அதை அவ அங்க கேட்கக் கூடாது. ஆகவே தாங்கள் காட்டும் பக்கமெல்லாம் வருவேன். ஞாயிற்றுக்கிழமை அருவிக்கும் வருவேன். ஷூ மட்டும் தைத்தாக வேண்டும்.

பெரியவர்களுக்கு என் வணக்கம், மாப்பிள்ளைக்கு ஆசிகள், ஆட்டுக்கு அஜீரணம்.

இப்படிக்கு,
தங்கள் சொல் தட்டாத,
பெண்ணின் தகப்பன்

பின்குறிப்பு: உறையை ஒட்டுமுன் என் பெண் இதைப் படித்துவிட்டாள். இந்தக் கல்யாணம் வேண்டாம் என்று குகைக்குள் போனதுமே இருவரும் ஒருமனதாக முடிவு செய்துவிட்டார்களாம். அந்த நிம்மதியில் வந்த சிரிப்பாம் அது. "ஏம்மா அப்பவே சொல்லலை?" என்றேன். "நீங்களும் அவங்கப்பாவும் அவ்வளவு ஒட்டிக்கிட்டீங்கப்பா. எப்படிப் பிரிக்கிறதுன்னு தெரியலை" என்கிறாள். வேண்டுமானால் உம் பையனைக் கேட்டுக்கொள்ளும். ஆகவே ஐயா, இனி நீர் எனக்குச் சம்பந்தி இல்லை. பலகை காட்டியது இடப்பக்கம். ராணி குளித்தது எங்கள் வாரியத்தின் பழைய பம்ப் ரூமில். அதைக் கட்டும்போது மேற்பார்வை பார்த்தவன் நான்.