தேங்காய் சொன்னதைக் கேட்டிருக்கலாம்

ஒரு விஷயத்தைக் கரைத்துக் குடித்துவிட்டதாக நான் பேச ஆரம்பித்தால், என் வீட்டில் எல்லோரும் சற்றுத் தள்ளி உட்கார்ந்துகொள்வார்கள். அதற்குக் காரணம் சிதம்பரத்தில் எங்கள் நகர்ப் பூங்காவில் இருக்கும் சறுக்குமரம். சரியாகச் சொன்னால், சறுக்குமரத்துக்குக் கீழே இருக்கும் தரை.

அது முதலில் சிமெண்ட் தரையாக இருந்தது. என் மகள் கயல் ஐந்து வயதில் அந்த ஏணியிலிருந்து தவறி விழுந்தாள். முன்பல் பாதி போயிற்று, உதட்டில் இரண்டு தையல். அதோடு மற்ற அம்மாக்கள் தங்கள் பிள்ளைகளை அனுப்புவதை நிறுத்திவிட்டார்கள். சறுக்குமரத்தையே பிடுங்கிவிடலாம் என்று குடியிருப்போர் சங்கத்தில் பேச்சு வந்தது. கயல் உடைந்த பல்லோடு வந்து, "அப்பா, அத எடுத்துடாதீங்கப்பா" என்றாள். விழுந்தவளே கேட்கிறாள். சறுக்குமரம் இருக்கட்டும், தரையை நான் மாற்றிக் காட்டுகிறேன் என்று கூட்டத்தில் வாக்குக் கொடுத்துவிட்டேன். (தரையைப் பற்றி அன்றுவரை எனக்குத் தெரிந்ததெல்லாம், அது கீழே இருக்கும் என்பதுதான்.)

முதலில் கடலூரில் ஒரு கடையில் ரப்பர் தரை பார்த்தேன். அழகாகத்தான் இருந்தது. மாதிரிக்கு ஒரு துண்டு வாங்கிவந்து மொட்டைமாடியில் சித்திரை வெயிலில் போட்டு, மத்தியானம் இரண்டு மணிக்கு வெறுங்காலோடு ஏறி நின்றேன். நின்றேன் என்று சொல்வதுகூட மிகைதான். நம் பிள்ளைகள் செருப்பைக் கழற்றி வீசிவிட்டுத்தான் விளையாட இறங்குவார்கள் என்பதால் ரப்பரைக் கைவிட்டேன்.

பிறகு மணல். கடலூரிலேயே கட்டுமானச் சாமான் விற்கும் ஒருவர், பூச்சு வேலைக்கா, கான்கிரீட்டுக்கா என்று கேட்டார். பிள்ளைகள் விழுவதற்கு என்றேன். அவர் டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். அவருக்கும் ஆர்வம் தொற்றிக்கொண்டது. இரண்டு வகை மணலை நனைத்து என் கையில் கொடுத்துப் பிசையச் சொன்னார். தூசி கலந்தது கொழுக்கட்டையாக நின்றது. கழுவிச் சலித்தது விரலிடுக்கில் உதிர்ந்தது.

"இப்பிடி உதிரணும் சார். கெட்டியாச்சின்னா அது மணலு இல்ல, தரை. போட்டுட்டு சும்மா உட்றாதீங்க, தெனமும் கெளறி உடணும்."

இதை நோட்டில் எழுதி, இரண்டு முறை அடிக்கோடிட்டேன். வாசகர்கள் இந்த அடிக்கோட்டை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். நான் வைத்துக்கொள்ளவில்லை.

எவ்வளவு ஆழம் போடுவது? அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தேன். உரித்த தேங்காயைச் சறுக்குமரத்தின் உச்சியிலிருந்து போட்டுப் பார்ப்பது. சிமெண்டில் இரண்டாகப் பிளந்தது. நாலு விரல் மணலில் விரிசல் விட்டது. ஒரு சாண் மணலிலும் ஒரு காய் கீறிக்கொண்டது. ஒன்றரைச் சாணில் பத்து முறை போட்டும் ஒன்றும் ஆகவில்லை. அந்த வாரம் முழுக்க எங்கள் வீட்டில் தேங்காய்ச் சட்னி, தேங்காய் சாதம், தேங்காய் பர்பி. ஆராய்ச்சி எப்போது முடியும் என்று என் மனைவி செல்வி பொறுமையாகத்தான் கேட்டாள்.

சிமெண்டைப் பெயர்த்து, பள்ளம் வெட்டி, ஒன்றரைச் சாணுக்கு மேலேயே மணல் கொட்டியாயிற்று. வெள்ளிக்கிழமை காலை திறப்பு விழா. வியாழன் மத்தியானம் போய்ப் பார்த்தால் மணலெல்லாம் நாய் தோண்டிய குழியும் கால்தடமுமாகக் கிடந்தது. நான் ஸ்ரீமுஷ்ணம் பக்கத்து விவசாயக் குடும்பம். அறுப்புக்கு முன்னால் களத்தை நனைத்து, உருட்டி, சாணி தெளித்து, ஒரு நெல்மணி கூட இடுக்கில் போகாதபடி செய்யும் வம்சம். நாலு பேர் வரும் இடம் இப்படி இருந்தால் மானம் போகும். போதாக்குறைக்கு, சறுக்குமரத்தடியில் பெரிய கோலம் போட வேண்டும் என்று செல்விக்கு ஆசை. உதிர் மணலில் கோலம் நிற்காது.

ஒத்தாசைக்குக் குறிஞ்சிப்பாடியிலிருந்து வந்திருந்த செல்வியின் தம்பி குமாரைக் கூப்பிட்டேன். இரண்டு பேருமாக மணல்மேல் செம்மண் பரப்பி, தண்ணீர் விட்டு, கிரிக்கெட் மைதானத்து ரோலரைக் கேட்டு வாங்கிவந்து, பொழுது சாயும்வரை இழுத்தோம். கடைசியில் சாணித் தண்ணீரும் தெளித்தோம். வெள்ளிக்கிழமை வெயில் ஏறியபோது தரை காய்ந்து பளபளத்தது. குமார் காலால் தட்டிப் பார்த்து, "நெல்லு கொட்டலாம் மாமா" என்றான். எனக்குப் பெருமை தாங்கவில்லை. செல்வி சறுக்குமரத்தின் காலடியிலேயே பதினைந்து புள்ளிக் கோலம் போட்டாள். நோட்டு என் சட்டைப் பையில்தான் இருந்தது.

அம்மாக்கள் பிள்ளைகளின் கையை விடாமல் வேலிக்கு வெளியே நின்றார்கள். அவர்களில் ஒருவர், விழுந்தால் அடிபடாதா என்று கேட்டார். இந்தக் கேள்விக்காகத்தான் நான் காத்திருந்தேன். தேங்காயோடு உச்சியில் ஏறி, ஒரு சிறு சொற்பொழிவு ஆற்றி, கோலத்தின் நடுவில் போட்டேன்.

சரிபாதியாகப் பிளந்தது. கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. யாரோ கற்பூரம் ஏற்றினார்கள். அவர்களைப் பொறுத்தவரை தேங்காய் நன்றாக உடைந்திருக்கிறது, சகுனம் நல்ல சகுனம். அது என்ன சொல்கிறது என்று புரிந்துகொள்ளக்கூடிய ஒரே ஆள் அங்கே நான்தான். ஆனால் இத்தனை நாளும் தேங்காயை நம்பியவன், அன்றைக்கு மட்டும் அது அழுகல் காயாக இருக்கும் என்று முடிவு செய்தேன்.

"சரி, நானே உழுந்து காட்டுறேன்" என்று சொல்லிவிட்டு, பிள்ளைகள் விழுவது போலவே காலை நீட்டிக்கொண்டு குதித்தேன்.

உட்கார்ந்த நிலையில் தரையைச் சேர்ந்தேன். சத்தம் கடைத்தெரு வரை கேட்டதாகக் குமார் இன்றும் சாதிக்கிறான். வலியில் என் முகம் சிரிப்பது போல் ஆகிவிட்டதால் எல்லோரும் கைதட்டினார்கள். ஆஸ்பத்திரியில் டாக்டர் என் வால் எலும்பை அழுத்தியபடி, எங்கே விழுந்தீர்கள் என்று கேட்டார்.

"பாதுகாப்பான தரையில சார்" என்றேன்.

ஆறு வாரம், நடுவில் ஓட்டை வைத்த காற்றுத் தலையணையில் உட்கார்ந்தேன். அந்த ஆறு வாரமும் வலியைவிட ஒரு நினைப்புதான் என்னைப் படுத்தியது. எனக்கு முன்னால் கயல் ஏறியிருந்தால்? குமார் மறுநாளே செம்மண்ணையெல்லாம் வெட்டி எடுத்து, புது மணல் நிரப்பினான். எழுந்து நடக்க முடிந்ததிலிருந்து தினமும் சாயங்காலம் நான்தான் பல் வைத்த வாரியால் மணலைக் கிளறிவிடுகிறேன். சறுக்குமரத்தின் காலில் ஒரு சிவப்புக் கோடு வரைந்திருக்கிறேன். கோடு கண்ணில் பட்டால் மணல் குறைந்துவிட்டது என்று அர்த்தம். என் சொற்பொழிவுக்கு வேலியைத் தாண்டி வராத அம்மாக்கள், நான் நொண்டிக்கொண்டு கிளறுவதைப் பார்த்து ஒவ்வொருவராக வந்தார்கள். கயல் அதே ஏணியிலிருந்து மறுபடி ஒரு நாள் விழுந்தாள். எழுந்து, வாயிலிருந்த மணலைத் துப்பிவிட்டு, என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஏறினாள்.

போன மாதம் குறிஞ்சிப்பாடியில் ஒரு காதுகுத்து. பந்தியில் நான் உட்காரப் போகும்போது, குமார் ஓடிவந்து பிளாஸ்டிக் நாற்காலியை ஐந்து விரலாலும் பரபரவென்று பிறாண்டினான்.

"கெளறி உட்டுட்டேன் மாமா, ஒக்காருங்க."

பந்தியே சிரித்தது. தெரியாதவர்களுக்குக் கயல்தான் கதையை முதலிலிருந்து சொன்னாள். நானும் சிரித்தபடி, நாற்காலியை ஒரு தரம் கையால் அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தேன்.