குரங்கின் கன்னத்தில் இருந்த விண்ணப்பம்

ஒரு காட்டில் மெத்தப் படித்த கீரி ஒன்று இருந்தது. நான்தான். வேறு யாரும் அப்படிச் சொல்லாததால் நானே சொல்லிக்கொள்கிறேன். என் இருக்கைக்கு மேலே 'டேட்டாபேஸ்' என்று பலகை தொங்கியது. மழைக்காலத்துக்கு மேட்டுப் பொந்து வேண்டுபவர்கள் பூவரச இலையில் விண்ணப்பம் எழுதி என்னிடம் தர வேண்டும். அது மலையுச்சிக் குகைக்குப் போய்ச் சேர்ந்தால்தான் பதிவு செல்லுபடியாகும்.

மலையேறுவது குரங்கு மாசிலாமணியின் வேலை. அதன் பலகை 'ஃபைல் சிஸ்டம்'.

ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் நகல் எடுத்து என் இருக்கைக்கு அடியில் வைத்துக்கொள்வேன். யாராவது கேட்டால் மலைக்கு ஓட வேண்டாமே. இதற்கு 'பஃபர்' என்று பெயர் வைத்து, ஒரு வாரம் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு திரிந்தேன். கீரிக்குக் காலர் கிடையாது என்பது பிறகுதான் உறைத்தது.

நிறைமாத முயல் செங்கமலம் வரிசையில் நின்று விண்ணப்பம் தந்தது. மாசிலாமணியிடம் கொடுத்தனுப்பினேன்.

"வெச்சாச்சா?" என்று கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டேன்.

"வெச்சாச்சு" என்றது, வாய் நிறைய.

"பதிவாயிடுச்சும்மா, நிம்மதியா போ" என்று செங்கமலத்தை அனுப்பிவிட்டேன்.

மழை கொட்டியது. என் இருக்கையடியில் இருந்த நகல்கள் கூழாகிவிட்டன. குகையில் இருக்கிறதே என்று மாசிலாமணியோடு மலையேறினால், குகை துடைத்து வைத்தாற்போல் காலி. சந்தேகப்பட்டு அதன் கன்னத்தை அழுத்தினேன். இலைகள் சொதசொதவென்று விழுந்தன.

"திரும்பக் கேப்பீங்கன்னு கைவசம் வெச்சிருந்தேன். 'கேச்'னு பேரு. நிறைய சேர்ந்ததும் ஒரே நடையா ஏறலாம்னு பார்த்தேன்."

"கீழே நான்தான் நகல் வெச்சிருந்தேனே."

"அதை எங்கிட்ட எப்போ சொன்னீங்க?"

சொல்லவில்லைதான். ஒரே இலையை இரண்டு அறிவாளிகள் கீழேயே பத்திரப்படுத்தியிருக்கிறோம். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

செங்கமலம் நனைந்தபடி மேலே வந்தது. பொந்துகளையெல்லாம் பலசாலிகள் பிடித்துவிட்டார்களாம்.

"பதிவாயிடுச்சுன்னீங்களே" என்றது.

அது குகையை எட்டிப் பார்த்தது.

"இது சும்மாத்தானே கிடக்கு" என்று உள்ளே போய், அன்றைக்கே ஐந்து குட்டி ஈன்றது.

மறுநாளும் மழை விடவில்லை. நாங்கள் இருவரும் வாசலில் ஒதுங்க இடம் கேட்டோம். செங்கமலம் விண்ணப்பம் கேட்டது. எழுதிக் கொடுத்தோம். வாங்கி, மென்று விழுங்கியது.

"வெச்சாச்சு" என்றது.

நீதி: எதையும் சேர வேண்டிய இடத்தில் சேர்த்துவிடாதே, மழைக்கு அந்த இடம் யாருக்காவது தேவைப்படும்.