வலப்பக்கமாக வந்த எருமை

கம்ப்யூட்டரில் மாடு மேய்ப்பவனுக்குக் கொழுப்பு அதிகம். சாணி அள்ள வேண்டாம், உதை வாங்க வேண்டாம், ஒரு பொத்தானை அழுத்தினால் மாடு மேயும்.

முனைவர் பட்டத்துக்காக நான் அப்படித்தான் மேய்த்துக்கொண்டிருந்தேன். பல வகைச் செடிகள் கலந்து வளரும் புல்வெளியை எப்போது அறுக்கலாம், எத்தனை மாடு விடலாம், என்ன செய்தால் எந்தச் செடியும் அழியாது என்று திரையில் ஓட்டிப் பார்க்கும் ஆராய்ச்சி. (கண்டெய்னர் லாரிப் புகைக்கு நடுவே திருவொற்றியூரில் உட்கார்ந்துகொண்டு புல்வெளி ஆராய்ச்சி. சிரிக்காதீர்கள்.) திரையில் ஒரு வசதி உண்டு. இடது ஓரத்தில் வெளியே போகும் மாடு வலது ஓரத்தில் உள்ளே வந்துவிடும். வேலியே வேண்டாம்.

அப்போது தங்கைக்கு நிச்சயதார்த்தம் வந்தது. மாப்பிள்ளை துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். ஒரே மின்சார ரயிலில் போய் வந்து இருவருக்கும் பிடித்துப்போயிருந்தது. அவர் அம்மாவைச் சம்மதிக்க வைப்பதற்குள் தங்கைக்கு நாக்குத் தள்ளிவிட்டது. வீட்டு வாசலில் பந்தல். மாப்பிள்ளை வீட்டார் வேன் நிறுத்த வேண்டிய பக்கத்துக் காலி மனையிலோ இடுப்பளவு புல்.

"ஆளு வச்சு வெட்டிடுறா," என்றார் அப்பா.

"வெட்டுனா தும்பை, நெருஞ்சி எல்லாம் அழிஞ்சிடும்பா. மேயவுட்டா போதும். ப்ரோக்ராம்ல போட்டுப் பாத்துட்டேன். ரெண்டு எருமை, ஒரு காலை."

"நெருஞ்சி இருந்தா இன்னா, போனா இன்னாடா? சம்பந்தியம்மா கால்ல குத்துனா நீயா எடுப்ப?"

நியாயமான கேள்விதான். ஆராய்ச்சி தலைக்கேறியவன் காதில் அதெல்லாம் ஏறுமா?

நிச்சயதார்த்தத்தன்று காலையில் எருமைக்காரர் இரண்டை ஓட்டிவந்தார். "கயிறு கட்டட்டா நைனா?"

"வேணாம், ஃப்ரீயா வுடுங்க."

"அப்ப நீயே பாத்துக்க. டீ குடிச்சிட்டு வந்துர்றேன்," என்று போனவர் மதியம் வரை வரவில்லை. நானும் புது வேட்டி கட்டப் போய்விட்டேன்.

எருமைகள் புல்லைச் சீந்தவே இல்லை. ஒன்று படுத்துவிட்டது. மற்றது, தட்டு மாற்றுகிற நேரம் பார்த்து, இடது ஓரமாக மனையைவிட்டு வெளியேறியது. வீட்டுக்குப் பின்னால் சுற்றி, வாழை இலைக் கட்டைத் தின்று முடித்துவிட்டு, பந்தலுக்குள் வலப்பக்கமாக நுழைந்தது. (சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நொடி எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.) மாப்பிள்ளைக்கு வைத்திருந்த ரோஜா மாலையில் பாதி அதன் வாயில், மீதி கொம்பில்.

"ஐயையோ, எமன் வாகனம்!" மாப்பிள்ளையின் அம்மா எழுந்துவிட்டார். "மொத மாலை அதுக்கா? இந்தச் சம்பந்தமே வேணாம், எழுந்திருடா!"

தங்கை முகம் வெளுத்துவிட்டது.

"அத்தை, அது செடிங்களக் காப்பாத்த வந்தது," என்றேன். (வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.)

மாப்பிள்ளை மட்டும் விழுந்து விழுந்து சிரித்தார். "எம்மா, எமனோட வண்டி என்னாண்ட வந்து மாலைய மட்டும் துன்னுட்டு என்ன வுட்டுச்சு பாரு. என் ஆயுசு கெட்டி. உக்காரும்மா."

அம்மா உட்கார்ந்தார். சிரிக்கவில்லை, ஆனால் உட்கார்ந்தார். தங்கைக்கு அப்போதுதான் மூச்சே வந்தது.

இப்போது என் ப்ரோக்ராமில் வேலி இருக்கிறது. பட்டம் வாங்கிய அன்று, அதற்குள் மச்சானாகிவிட்டிருந்த மாப்பிள்ளை எனக்கு ரோஜா மாலை போட்டுவிட்டு, வலப்பக்கம் எட்டிப் பார்த்தார். "சட்டுனு கழட்டிடு மச்சான், எருமை இந்தப் பக்கமாத்தான் வரும்."

"எருமையாவது சொன்னா கேக்கும். இவனுக்கு மொதல்ல ஒரு கயிறு கட்டுங்க," என்று சொல்லி அவர் அம்மா சிரித்தார். என்னைப் பார்த்து அவர் சிரித்தது அன்றுதான் முதல்முறை.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எந்த விசேஷமானாலும், தட்டு எடுக்கும் முன் யாராவது கேட்டுவிடுகிறார்கள்: "அவனக் கட்டியாச்சா?"