கைகளை மேசைமேல் வைக்கவும்

1981ஆம் ஆண்டு ஹட்டன் நகரில், செவிப்புலனற்றோருக்கு உதவும் பொருட்டு, சைகை மொழிபெயர்ப்பாளர்களை உருவாக்கும் ஆறு வாரப் பயிற்சி நெறி வெகு சிறப்பாக ஆரம்பித்து வைக்கப்பட்டது. ஆரம்பித்து வைக்க வந்தவர்களுக்கு மாலை போட்டு முடிக்கவே முதல் நாள் சரியாகப் போய்விட்டது.

விண்ணப்பத்தில் ‘சமூக சேவையில் பேரார்வம்’ என்று எழுதியிருந்தேன். சுத்தப் பொய். சாதாரண தரப் பரீட்சையில் கணக்கு போய்விட்டது. வீட்டில் இருந்தால் கொழுந்துக் கூடைதான். அது ஒரு காரணம். இன்னொரு காரணம் என் அக்கா ஐவி.

அக்காவுக்கு இரண்டு வயதில் வந்த காய்ச்சலில் காது போனது. லிந்துலைப் பக்கம் எங்கள் தோட்டத்து ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், வேலை செய்கிறாள். அங்கே ரோலர் மெசின் போடுகிற இரைச்சலில் யார் கத்தினாலும் கேட்காது. அதனால் எல்லாருமே கையால்தான் பேசுவார்கள். தொப்பி விளிம்பை இழுத்தால் துரை வருகிறார். வயிற்றைத் தடவினால் டீமேக்கர். உள்ளங்கையை மேலே பார்க்க வைத்து இரண்டு தரம் லேசாகத் தூக்கினால் கள்ளன். கொழுந்து நிறுக்கும்போது சாக்கைக் கீழேயிருந்து தூக்கிப் பிடித்து எடையைக் குறைக்கிற கணக்கப்பிள்ளை தந்த சைகை அது. நாளாக ஆக, ஏமாற்றுகிற எல்லாருக்கும் அதுவே ஆகிவிட்டது. ஸ்டோருக்குள் அக்காவுக்குக் காது கேட்காது என்பது யாருக்கும் ஞாபகமே வராது.

பிரஜாவுரிமை விசாரணைக் கந்தோரில்தான் ரோலர் மெசின் இல்லை.

இங்கேயே பிறந்தாலும், பத்திரம் இல்லாத தோட்டத்துச் சனத்தை இந்தியாவுக்கு அனுப்பிக்கொண்டிருந்த காலம் அது. அம்மாவுக்கும் எனக்கும் இலங்கைப் பிரஜாவுரிமைப் பத்திரம் கிடைத்துவிட்டது. அக்காவுக்கு மட்டும் மூன்று தரம் விசாரணை நடந்தும் கிடைக்கவில்லை. விசாரணை உத்தியோகத்தர் திரு. இராயப்பன் கேட்பார். நான் அக்காவுக்குக் கையால் சொல்வேன். அவள் கையால் சொல்வதை நான் வாயால் சொல்வேன்.

“நீ யாரு?”

“தங்கச்சிங்க சேர்.”

“சைகை மொழிபெயர்ப்பாளர் சான்றிதழ் இருக்கா?”

“இல்லைங்க.”

‘விண்ணப்பதாரி பதிலளிக்க மறுத்தார்’ என்று எழுதினார்.

“மறுக்கலைங்க சேர். அவளுக்குக் காது கேட்காது.”

“காது கேட்காதுன்னு எழுத இந்த ஃபாரத்துல எடமில்லையே.”

நான்காம் தரமும் பதில் இல்லையென்றால் மனு தள்ளுபடி. அப்புறம் நாங்கள் இங்கே, அக்கா தலைமன்னார்க் கப்பலில். அதனால்தான் பயிற்சிக்குப் போனேன்.

விரிவுரையாளர் திரு. இக்னேசியஸ் சஃபாரி சூட் போட்டிருந்தார். கரும்பலகையில் முதலில் எழுதிய வசனம்: ‘கைகளை மேசைமேல் வைக்கவும்.’

“வகுப்புல யாரும் கையை ஆட்டப்படாது. ஒழுக்கம் முக்கியம்.”

ஐந்து வாரம் நோட்ஸ் எழுதினோம். மொழிபெயர்ப்பாளரின் கடமைகள், மொழிபெயர்ப்பாளர் மேடையில் நிற்கவேண்டிய இடம், மொழிபெயர்ப்பாளரின் கழுத்துப் பட்டி. ஆறாம் வாரம் ஒரு படத்தைத் தொங்கவிட்டார். இருபத்தாறு ஆங்கில எழுத்துக்கு இருபத்தாறு விரல் கோலம்.

“சேர், எங்க அக்காவுக்கு இங்கிலீஷ் எழுத்து தெரியாதுங்களே.”

“அப்ப அவங்க படிச்சுக்கிட்டு வரட்டும். நாம தயாரா இருக்கோம், அவங்கதான் தயாரில்லை.”

ஒரு நாள் அக்கா எனக்கு ரொட்டி கொண்டு வந்தாள். வகுப்புப் பையன்கள் இரண்டு பேர் அவளிடம் கையால் ஏதோ கேட்டார்கள். அவளும் சிரித்துக்கொண்டு சொல்லிக்கொடுத்தாள். இக்னேசியஸ் சேர் ஓடி வந்தார்.

“யாரிது?”

“காது கேட்காதவங்க சேர்.”

“இது காது கேட்காதவங்களைப் பத்தின வகுப்பு. வெளியாளுங்களை உள்ள விட முடியாது. அனுப்பு, அனுப்பு!”

பரீட்சை எழுத்தில் நடந்தது. முதலாம் இடம் எங்கள் தோட்டத்துப் பெரிய கிளாக்கர் மகன் டக்ளஸுக்கு. ஆறு வாரமும் அவன் கை அசையவே இல்லை. எனக்குப் பத்துப் புள்ளி வெட்டு, விடை யோசிக்கும்போது விரலை ஆட்டினேனாம். ஆனாலும் பாஸ்.

நான்காவது விசாரணையில் சான்றிதழை நீட்டினேன். இராயப்பன் சேர் முன்பக்கம் பார்த்தார், பின்பக்கம் பார்த்தார்.

“ரொம்ப சந்தோஷம். ஆனா உறவுக்காரங்க மொழிபெயர்க்க ஏலாது. வேற சான்றிதழ்காரரைக் கூட்டிக்கிட்டு வா. மூணு மணிக்குள்ள.”

டக்ளஸைப் பிடிப்பது லேசில்லை. அந்த வருஷம் ஹட்டனில் அதுதான் பேஷன். கல்யாணம், சங்கக் கூட்டம், பரிசளிப்பு விழா எதுவானாலும் மேடை ஓரத்தில் ஒருத்தன் கையாட்டாவிட்டால் மரியாதை இல்லை. கேட்க முடியாதவர் கூட்டத்தில் இருக்கிறாரா என்று எவரும் தேடவில்லை. ஒரு கல்யாண வீட்டுப் பந்தியிலிருந்து அவனைக் கையோடு இழுத்து வந்தேன்.

“எங்க பொறந்தது?” என்று கேட்டார் இராயப்பன் சேர்.

டக்ளஸ் விரல்களை மடக்கினான், நீட்டினான், முறுக்கினான். அக்கா என்னைப் பார்த்து, ‘இவனுக்கு விரல் சுளுக்கா?’ என்று கையால் கேட்டாள்.

“லிந்துலைன்னு சொல்றாங்க சேர்” என்றான் டக்ளஸ். ஃபைல் அவன் மூக்குக்கு நேரே திறந்துதான் கிடந்தது.

“இந்த நாட்டுலயே இருக்க விருப்பமா?”

மறுபடியும் விரல் முறுக்கல். அக்காவுக்குப் பொறுமை போய்விட்டது. டக்ளஸைப் பார்த்தாள். இராயப்பன் சேரைப் பார்த்தாள். உள்ளங்கையை மேலே பார்க்க வைத்து இரண்டு தரம் தூக்கினாள்.

கள்ளன்! டக்ளஸுக்கும் தெரியும். தோட்டத்தில் பல் முளைக்காத பிள்ளைக்குக்கூட அந்தச் சைகை தெரியும்.

“என்னா சொல்றாங்க?”

டக்ளஸ் கழுத்துப் பட்டியைச் சரிசெய்தான். “ரொம்ப விருப்பமாம் சேர். அதோட உங்களுக்கு மரியாதை செலுத்துறாங்க.”

இராயப்பன் சேருக்குக் கண் கலங்கிவிட்டது. இருபது வருஷ சேவையில் அவருக்கு யாரும் மரியாதை செலுத்தியதில்லையாம். எழுந்து நின்று, அக்காவைப் பார்த்துத் தன் உள்ளங்கையை இரண்டு தரம் தூக்கினார். பிறகு உட்கார்ந்து கையெழுத்துப் போட்டார்.

எனக்கு வாய் இருந்தது. திறக்கவில்லை. கைகளை மேசைமேல் வைத்துக்கொண்டு சும்மா இருந்தேன். வெளியே வந்ததும் அக்கா, ‘அவன் சரியாச் சொன்னானா?’ என்று கேட்டாள். ‘சரியாச் சொன்னான்’ என்றேன்.

இராயப்பன் சேர் மேலிடத்துக்கு எழுதிப்போட, அடுத்த மாதமே சுற்றறிக்கை வந்தது. இனி எல்லா அரச வைபவங்களிலும் உத்தியோகத்தர்கள் அந்தச் சைகையாலேயே மக்களுக்கு வணக்கம் தெரிவிக்க வேண்டுமாம். டக்ளஸ் விரிவுரையாளராகப் பதவி உயர்ந்தான். அவன் நின்ற இடம் காலியானதால் எனக்கு வேலை கிடைத்தது.

முதல் மேடை எங்கள் தோட்டத்து மைதானத்திலேயே. மூன்றாம் வரிசையில் அக்கா.

“தோட்ட மக்களின் சகல பிரச்சினைகளும் தீர்த்து வைக்கப்பட்டுவிட்டன!” என்று ஒலிபெருக்கியில் ஒருவர் முழங்கினார். அதை அக்காவுக்கு அரைநிமிஷத்தில் சொல்ல எனக்குத் தெரியும். ஆனால் பாடத்திட்டம் பாடத்திட்டம்தான். ஆங்கில எழுத்துக்களை விரலால் முறுக்க ஆரம்பித்தேன்.

பேச்சு முடிந்ததும் மேடையிலிருந்த பன்னிரண்டு உத்தியோகத்தர்களும் ஒருமிக்க எழுந்து, சனத்தைப் பார்த்து உள்ளங்கையை இரண்டு தரம் தூக்கினார்கள். சனம் ஒரு கணம் வாயைப் பிளந்தது. அப்புறம் மைதானமே சிரித்துக்கொண்டு உள்ளங்கையைத் தூக்கிக் காட்டியது. உத்தியோகத்தர்களுக்குப் பூரிப்பு தாங்கவில்லை.

அக்கா மட்டும் அவர்களைப் பார்க்கவில்லை, சிரிக்கவுமில்லை. நேராக என்னைப் பார்த்தாள். உள்ளங்கையை மேலே பார்க்க வைத்தாள். இரண்டு தரம் தூக்கினாள்.

இராயப்பன் சேர் என் பக்கம் குனிந்தார். “அந்தப் புள்ள ஒன்னயத்தானே பாக்குது. என்னாம்மா சொல்லுது?”

“மரியாதை செலுத்துறாங்க சேர்” என்றேன்.