தீப்பெட்டியளவு மாப்பிள்ளை

"ஐயா, வீடியோ டெக் பாவம். ரீவிதான் கள்ளன். கரண்டை மடக்கு மடக்காய்க் குடிக்குது," என்று ரேடியோ, ரீவி திருத்துகிற சிமியோன் தீர்ப்புச் சொன்னார்.

முத்துக்குமாரு தன் சின்னக் கறுப்பு வெள்ளை ரீவியைக் குற்றவாளியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். யுத்தத்தால் சுன்னாகத்திலிருந்து கரண்ட் வருவது நின்று எத்தனையோ காலம். ஓட எண்ணெய் இல்லாமல் நின்ற ஒஸ்ரின் காரின் பற்றரியைக் கழற்றி, சந்தைக்குப் பின்னால் எஞ்சின் வைத்திருந்தவரிடம் சார்ச் ஏற்றி, சைக்கிள் கரியரில் கட்டி உருட்டி வந்திருந்தார். அது வீடியோ கசெட்டின் பாதி ஓடத்தான் காணுமாம்.

பாதி போதாது. ரொறன்ரோ மாப்பிள்ளையின் போட்டோ நெஞ்சுவரைக்கும்தான் வந்திருந்தது. மாப்பிள்ளைக்குக் காலில் ஏதோ குறை என்று கோயிலில் ஒருத்தி அவர் மனைவி மகாதேவியின் காதில் ஊதிவிட்டாள். அதனால் மாப்பிள்ளை தன் புதுவீட்டுக் குடிபூரலில் நடந்து திரிகிற கசெட்டைக் கேட்டு எடுப்பித்திருந்தார்கள். அதைக் கொழும்பால் வந்து, கிளாலிக் கடலைக் கடந்து கொண்டுவந்தவர் செல்வரட்ணம். இன்று பின்னேரம் அவர் திரும்புகிறார். மகள் பத்மாசினிக்கு மாப்பிள்ளை சரியா இல்லையா என்ற பதிலும் அவரோடு போக வேண்டும்.

"நடையைப் பாக்காமல் நான் ஓமெண்டு சொல்ல மாட்டன்," என்றாள் மகாதேவி.

முத்துக்குமாரு அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கராக இருந்து ஓய்வுபெற்றவர். எதையும் குறைத்துச் செலவழிப்பதில் பேர்போனவர். "சிமியோன், ரீவியின்ரை சாப்பாட்டைக் குறையும்," என்றார்.

முதலில் வெளிச்சத்தைக் குறைத்தார்கள். படம் மங்கிப்போனது. ஆகவே கதவு யன்னலெல்லாம் சாத்தி, இடுக்குகளில் சாக்குத் தொங்கவிட்டார்கள். பட்டப்பகலில் அறை அடுப்பாகக் கொதித்தது.

"மச்சான், மாப்பிள்ளை பாக்கவோ, எங்களை அவிக்கவோ கூப்பிட்டனீர்?" என்றார் மகாதேவியின் தமையன் பரமலிங்கம், சால்வையால் விசிறிக்கொண்டு.

"சத்தமும் கரண்ட்தானே குடிக்கும்?" என்றார் முத்துக்குமாரு.

சிமியோன் ஸ்பீக்கர் வயரை வெட்டினார்.

"ஐயோ, அவர் கதைக்கிறது எப்பிடிக் கேக்கிறது?" என்றாள் பத்மாசினி.

"கலியாணம் கட்டினாப் பிறகு கேள்," என்றார் தகப்பன்.

அப்படியும் காணாதாம். "பெரிய தீனிக்காரன் உவன்தான்," என்று ரீவியின் பின்மூடியைக் கழற்றி, படக்குழாயின் கழுத்தில் மாட்டியிருந்த செப்புக் கம்பிச் சுருளைக் காட்டினார் சிமியோன். "படத்தை அகலமாயும் உயரமாயும் இழுக்கிறது உவன். இழுவையைக் குறைச்சால் பற்றரி மிஞ்சும். படம் கொஞ்சம் சின்னனாய் வரும்."

"வரட்டும். மாப்பிள்ளை சின்னனாகப் போறாரே?" என்றார் முத்துக்குமாரு.

சுருளைக் கழற்றி, எதையெதையோ ஒட்டி, திரும்ப மாட்டினார். திரையின் நடுவே படம் தீப்பெட்டியளவில் வந்தது. வந்த படத்தில் சனமெல்லாம் பக்கவாட்டில் சரிந்து கிடந்தது.

"சிமியோன், உதென்ன?"

"சுருள் கால் சுத்துத் திரும்பி இருந்திட்டுது, ஐயா. பசையும் இறுகிப்போச்சு. இனி ஆட்டினால் வயர் அறுந்திடும்."

"அப்ப ரீவியைச் சரிச்சு வைப்பமே?" என்றாள் பத்மாசினி.

"சரிச்சால் சுருள் கழண்டு விழும், பிள்ளை."

"தலையைச் சரியுங்கோ," என்றார் முத்துக்குமாரு. "அதுக்குக் கரண்ட் தேவையில்லை."

மகாதேவி சரித்தாள். கழுத்துப் பிடித்துக்கொண்டது. "என்னாலை ஏலாது," என்று நிமிர்ந்துவிட்டாள். பரமலிங்கத்துக்கோ கழுத்து ஏற்கெனவே வாதம். அவர் நேரே இருந்தபடியே திரையில் மூக்கு முட்டப் பார்த்தார். திடீரென்று துள்ளினார்.

"மச்சான், இஞ்சை பாரும்! பூமாலையோடை நடுவிலை மாப்பிள்ளை! கோட்டும் ரையும்! எல்லாரும் சரிஞ்சு கிடக்க அவர் ஒருத்தர் மட்டும் நிமிர்ந்து நிக்கிறார்!"

முத்துக்குமாருவும் குனிந்து பார்த்தார். உண்மைதான். முகம் நுளம்பளவுதான் தெரிந்தது. ஆனால் நிமிர்வு தெரிந்தது. படத்தைக் கவிழ்த்த சிமியோனாலும் அந்த மனிதரைச் சரிக்க முடியவில்லை.

"உதுதான் ஆம்பிளை!" என்றார் பரமலிங்கம்.

"நடக்கிறாரே?" என்றாள் மகாதேவி.

"சனம் வரிசையிலை வந்து அவரைக் கும்பிட்டுப் போகுது. பிறகு அவர் ஏன் நடக்கோணும்?"

"ஒருத்தி அவரின்ரை காலைத் தொடுறாள்," என்றாள் மகாதேவி.

"ரொறன்ரோவிலையும் எவ்வளவு மரியாதை!"

"ஒரு அசைவும் இல்லையே, அண்ணை?"

"அடக்கம், பிள்ளை, அடக்கம். உன்ரை மனிசன் கலியாணத்தண்டு மணவறையிலை நெளிஞ்ச நெளிப்பு எனக்கு இன்னும் கண்ணுக்குள்ளை நிக்குது."

ஒரு மனுஷி கண்ணைத் துடைத்தாள். "சந்தோஷக் கண்ணீர்," என்று மகாதேவியும் துடைத்தாள். குறை இருக்கிற காலில் இவ்வளவு நேரம் ஆடாமல் நிற்க முடியுமா? கோயிலில் ஊதியவளை நாளைக்கு முகத்துக்கு நேரே நாலு வார்த்தை கேட்பதென்று முடிவுசெய்தாள். கசெட் முடிந்தும் பற்றரியில் உயிர் இருந்தது. முத்துக்குமாருவுக்குப் பெருமை தாங்கவில்லை. படத்தை இன்னொருமுறை போட்டுவிட்டு, பேனையை எடுத்து, "தங்கள் மகனின் நிமிர்ந்த நிலையும் நிதானமும் கண்டு எங்களுக்குப் பூரண சம்மதம்" என்று எழுதி உறையிலிட்டு ஒட்டினார்.

பத்மாசினி மட்டும் தலையைத் தோளில் சாய்த்து, திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா, ஒருக்கா இப்பிடித் தலையைச் சரிச்சுப் பாருங்கோவன்…"

"வேண்டாம் பிள்ளை, நேரைப் பாக்கத்தான் வடிவாயிருக்கு."

அப்போது படலை திறந்தது. செல்வரட்ணம் சைக்கிளைப் போட்டுவிட்டு, கையில் இன்னொரு கசெட்டோடு வேர்க்க விறுவிறுக்க உள்ளே ஓடிவந்தார்.

"அண்ணை, கோவிக்காதேங்கோ, மாப்பிள்ளையின்ரை குடிபூரல் கசெட் இதுதான், உங்களிட்டை மாறித் தந்தது என்ரை சித்தப்பாவின்ரை செத்தவீடு!"