இரண்டு பேர் மிதிக்கும் படகில் ஒருத்தி

காலை ஏழு மணி பத்து நிமிடத்துக்கு நான் கண் விழித்தேன். அதுதான் முதல் பிழை. இன்னும் கொஞ்ச நேரம் படுத்திருந்தால் இதை எழுத வேண்டிய தேவையே வந்திருக்காது. கனடாவின் ஒரு சின்ன ஏரிக்கரை ஊரில் என்னைப் பற்றி யாரும் பேசியிருக்கவும் மாட்டார்கள்.

அந்த ஊரின் பெயரைச் சொல்லமாட்டேன். ஒரே ஒரு தெரு, அதில் ஒரு தேவாலயம், ஒரு ஐஸ்கிரீம் கடை, தூண்டில் புழுவையும் பாண் ரொட்டியையும் ஒரே மேசையில் வைத்து விற்கிற இன்னொரு கடை. மிச்சமெல்லாம் தண்ணீரும் மரமும்தான். அங்குள்ளவர்கள் என்னை மறந்திருப்பார்கள் என்று நம்புகிறேன். (வாய்ப்பே இல்லை என்கிறான் என் தம்பி.)

நானும் கணவரும் இருப்பது டென்மார்க்கில், ஸ்கீவ என்ற ஊரில். நான் முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறேன். விழுந்தவரைத் தூக்குவது, மூச்சுத் திணறுபவரை நிமிர்த்தி இருத்துவது, பதறியடித்து வரும் உறவினருக்கு மெதுவான குரலில் நிலைமையை விளக்குவது எல்லாம் எனக்குக் கைவந்த வேலைகள். யாராவது பதறினால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். அந்தத் திறமை அடுத்த வீட்டுப் பதற்றத்துக்கு மட்டும்தான் என்பது கனடாவில்தான் தெரிந்தது.

மகள் மெலனிக்கு அப்போது பதினைந்து வயது. அந்த வசந்தத்தில், அடுத்த வருடம் எஃப்டர்ஸ்கோலவுக்குப் போகவேண்டும் என்று கேட்டிருந்தாள். டென்மார்க்கில் இல்லாதவர்களுக்காகச் சொல்கிறேன்: அந்த வயதுப் பிள்ளைகள் ஒரு வருடம் வீட்டைவிட்டுப் போய்த் தங்கிப் படிக்கிற பள்ளி அது. எந்தக் குற்றமும் செய்யாத பிள்ளைகளைப் பெற்றோரே காரில் ஏற்றிக்கொண்டுபோய், தலையணையும் போர்வையும் கையில் கொடுத்து, கையசைத்துவிட்டு வருவார்கள். டேனிஷ் தாய்மார் அதைச் சிரித்துக்கொண்டே செய்வதை நான் பார்த்திருக்கிறேன். மெலனி கேட்ட பள்ளி கடலோரத்தில் இருந்தது. அங்கே கயாக் ஓட்டவும் பழக்குவார்களாம். கடல், கயாக், முன்பின் தெரியாத பிள்ளைகளோடு ஓர் அறை, நான் சமைக்காத இரவுச் சாப்பாடு. எனக்குத் தூக்கம் போக அது போதும்.

"விடுமப்பா, ஒரு வருஷம்தானே," என்றார் கணவர்.

"ஒரு வருஷத்தில எத்தினை ராத்திரி இருக்கெண்டு தெரியுமோ உங்களுக்கு?"

 முடிவை என்னிடமே விட்டுவிட்டார்கள். கோடை விடுமுறை முடிந்ததும் பள்ளிக்குப் பதில் சொல்லவேண்டும். விடுமுறைக்கு நானும் மெலனியும் கனடாவிலிருக்கும் என் தம்பி றெஜி வீட்டுக்குப் போவதாக இருந்தோம். (கணவருக்கு லீவு கிடைக்கவில்லை. அந்தக் கவலை அவர் முகத்தில் தெரியவேயில்லை.) ஆகவே நான் ஒரு சட்டம் போட்டேன்.

"கனடாவில பொறுப்பா நடந்து காட்டு. வந்து முடிவு சொல்லுறன்."

"ரோலி, மோர்," என்றாள் மெலனி. பதறாதே அம்மா என்பதற்கு டேனிஷ். நான் தமிழில் கேட்பேன், அவள் டேனிஷில் பதில் சொல்வாள். எங்கள் வீட்டு நடைமுறை அது. அவள் பேசத் தொடங்கிய காலத்திலிருந்தே அதிகம் சொன்ன வசனம் இதுவாகத்தான் இருக்கவேண்டும்.

ரொறன்ரோவில் சில நாட்கள் இருந்துவிட்டு, தம்பி வாடகைக்கு எடுத்திருந்த கொட்டேஜுக்குப் போனோம். ஏரிக்கரையில் ஒரு மரவீடு, தண்ணீருக்குள் நீளும் ஒரு பலகைத்துறை, காலால் மிதித்து ஓட்டுகிற ஒரு படகு. இயற்கையை ரசிக்கப் போகிற மனிதர்கள் ஒரு பையோடு போவார்கள். தம்பியின் மனைவி வதனி சோற்றுக் குக்கர், இடியப்ப உரல், அரைத்த சம்பல், ஒரு முழு ஆட்டின் பெரும்பகுதி எல்லாவற்றையும் வான் வண்டியில் ஏற்றியிருந்தாள். நான் மடியில் மீன்குழம்புச் சட்டியை வைத்துக்கொண்டு பயணம் செய்தேன். அந்தச் சட்டியின் சூடு இன்றைக்கும் முழங்காலில் இருப்பதுபோல் இருக்கிறது. அப்படியொரு சந்தோஷமான பயணம் பிறகு எனக்கு அமையவில்லை. பக்கத்தில் மெலனி காதில் பாட்டைச் செருகிக்கொண்டு தூங்கினாள், தலை ஒவ்வொரு வளைவிலும் என் தோளில் வந்து முட்டியது.

அன்று மாலை பக்கத்துக் கொட்டேஜிலிருந்து ஒரு வயதான கனடிய அம்மா, தானே சுட்ட பழப் பலகாரத்தோடு வந்தார். வதனி பதிலுக்கு மீன் ரோல்ஸ் கொடுத்தாள். அவரும் மெலனியும் ஆங்கிலத்தில் ஏதோ பேசிச் சிரித்தார்கள். அதைக் கவனிக்க எனக்கு நேரமில்லை. தம்பி கரடிக் கதையைத் தொடங்கியிருந்தான்.

"அக்கா, குப்பைப் பையை வெளியில வைச்சிராதேங்கோ. மணத்துக்குக் கரடி வரும்."

"இஞ்சையோ?"

"பின்ன, ஸ்கீவக்கோ? அதுக்கு மீன்குழம்பெண்டால் உயிர்."

அவன் பகிடிக்குச் சொன்னான். நான் படுக்கையில் காதைத் தீட்டிக்கொண்டு கிடந்தேன். வெளியே எது அசைந்தாலும் கரடி. விடியும் வேளையில்தான் கண் அயர்ந்தேன். பிறகு, நான் முதலில் சொன்ன அந்த ஏழு பத்து.

பக்கத்துக் கட்டில் காலியாக இருந்தது.

குளியலறை, சமையலறை, வான் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு நைற்றியோடு பலகைத்துறைக்கு ஓடினேன். துறையின் கடைசிக் கம்பத்தில் மெலனியின் குளியல் அங்கி தொங்கியது. கீழே அவளுடைய செருப்பு. தண்ணீரில் யாரும் இல்லை.

ஸ்கீவயில் இது ஒரு செய்தியே இல்லை. காலையில் ஃபியோர்டுக் கடற்கழிக் கரையில் போனால் இப்படி எத்தனையோ அங்கிகள் தொங்கும். ஒருவரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். ஆள் நீந்தப் போயிருக்கிறார் என்று அர்த்தம், அவ்வளவுதான். மெலனி பள்ளியில் நீச்சல் பழகியவள், மீன் மாதிரி. இதெல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் அந்தச் செருப்பு இரண்டும் பக்கத்தில் பக்கத்தில், நேராக, அடுக்கி வைத்தபடி இருந்தன. பதினைந்து வருடத்தில் அவள் ஒரு நாளாவது செருப்பை நேராக வைத்ததில்லை. அதைப் பார்த்துத்தான் கத்தினேன்.

"மெலனி!"

அப்போது ஏரியின் நடுவிலிருந்து ஒரு அழுகுரல் வந்தது. நீளமாக, இழுத்து, ஒரு பெண்பிள்ளை கத்துவது போல.

தம்பி சாரத்தோடும் வாயில் பற்பசை நுரையோடும் ஓடிவந்தான். "என்ன அக்கா, விடியக்காலமை ஊரை எழுப்புறியள்?"

"பிள்ளை தண்ணிக்க கிடந்து கத்துறாள் றெஜி!"

"அது அக்கா..." என்று அவன் தொடங்கினான். முழுதாகச் சொல்ல வாயில் நுரை விடவில்லை. அதற்குள் நான் மிதிபடகில் ஏறிவிட்டேன். எனக்கு நீந்தத் தெரியாது என்பதையும் இந்த இடத்தில் சொல்லிவிட வேண்டும். மன்னாரில், கடலைப் பார்த்த வீட்டில் பிறந்தவள்தான் நான்.

"மச்சாள், ஜக்கெற்!" என்று வதனி ஒரு மிதவை ஜக்கெற்றை எறிந்தாள். அது சின்னப் பிள்ளைகளுடையது. நெஞ்சில் தாரா வாத்துப் படம். முன்பக்கமோ பின்பக்கமோ பார்க்காமல் கையை நுழைத்துக்கொண்டு மிதித்தேன். உயிரைக் கொடுத்து மிதித்தேன். கரை அசையவேயில்லை.

"கயிறு அக்கா, கயிறு! கட்டின படகைத்தான் மிதிக்கிறியள்!"

தம்பி கயிற்றை அவிழ்த்துவிட்டான். அவிழ்க்காமல் விட்டிருக்கலாம். அது இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் இருந்து மிதிக்கச் செய்த படகு. வலது பக்கத்தில் நான் இருந்தேன். இடது பக்கத்தில் யாரும் இல்லை. (என் எடையைப் பற்றி இங்கே பேசவேண்டாம்.) படகு ஒரு பக்கம் சாய்ந்து வட்டம் போட்டது. மிதிக்க மிதிக்க வட்டம் பெரிதாகியது. கரையில் நின்று வதனி "நேரா போங்கோ மச்சாள்!" என்று கத்தினாள். நான் வேண்டுமென்றே சுற்றுகிறேன் என்று நினைத்தாள் போல. பிறகு காற்று என்னைப் பொறுப்பெடுத்தது. வட்டம் வட்டமாகவே தள்ளிக்கொண்டுபோய், ஒரு முனையைத் தாண்டி, கரையிலிருந்து யாருக்கும் தெரியாத ஒரு நாணல் புதருக்குள் செருகிவிட்டது. மிதிகட்டையில் தாமரைக் கொடி சுற்றி இறுகியது. காலும் அசையவில்லை, படகும் அசையவில்லை.

இந்த இடத்தில் கதையைச் சற்று நிறுத்துகிறேன். அங்கே இருந்ததை நினைத்தால் இன்றைக்கும் கொஞ்சம் மூச்சு வாங்கவேண்டும். நான் நாணலுக்குள் கிடந்த அந்த நேரத்தில் மெலனி எங்கே இருந்தாள் என்பதையும் சொல்லிவிடலாம். பக்கத்துக் கொட்டேஜ் அம்மா ஒவ்வொரு காலையும் நீந்துகிறவராம். தனியாக நீந்தக்கூடாது என்று பள்ளியில் பழக்கியிருந்ததால், மெலனி அவரைத் துணைக்குக் கேட்டிருக்கிறாள். அவர் பக்கத்தில் கயாக்கில் வர, இவள் நீந்தியிருக்கிறாள். முதல்நாள் இரவு கட்டிலருகே வந்து என்னிடம் அனுமதியும் கேட்டிருக்கிறாள். நான் கரடிக்குக் காது கொடுத்துக்கொண்டு "ஓம் ஓம், போ" என்றிருக்கிறேன். செருப்பை நேராக வைத்ததுகூட எனக்காகத்தான். பொறுப்பாக நடந்து காட்டியிருக்கிறாள்.

இப்போது அவள் ஓகூஸ் நகரத்தில் தங்கிப் படிக்கிறாள். வீட்டில் செருப்பெல்லாம் நேராக இருக்கிறது, நான் வைத்தபடியே. பார்க்க நன்றாகவே இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் தம்பி போன் எடுத்தால் சுகம் விசாரிப்பதற்கு முதல் "அக்கா, கயிறு அவிட்டாச்சோ?" என்றுதான் கேட்பான். நான் எந்த வேலையை அவசரமாகத் தொடங்கினாலும் கணவரும் அதையே கேட்கிறார். அவர் அந்த ஏரியைக் கண்ணாலும் கண்டதில்லை. சொந்தக்காரர் கல்யாணங்களில் வதனி படகு சுற்றியதை எழுந்து நின்று நடித்துக் காட்டுவாள். நானும் சிரிப்பேன். சிரித்து முடிந்ததும், வான் வண்டியில் என் தோளில் முட்டிய அந்தத் தலை நினைவுக்கு வரும்.

சரி, நாணலுக்குத் திரும்புவோம். அழுகுரல் மறுபடியும் கேட்டது, மிகப் பக்கத்தில். திரும்பினேன். கறுப்புத் தலை, சிவப்புக் கண், முதுகெல்லாம் வெள்ளைப் புள்ளியாக ஒரு நீர்ப்பறவை என்னைப் பார்த்து, கழுத்தை நீட்டி, என் மகளின் குரலில் கத்தியது. அந்தப் பறவையைக் கனடாக்காரர் தங்கள் ஒரு டொலர்க் காசிலேயே பதித்து வைத்திருக்கிறார்கள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் வேறு யோசனை சொல்லியிருப்பேன்.

அப்படியானால் கத்தியது மெலனி இல்லை. அப்படியானால் மெலனி கத்தக்கூட இல்லை. என் பதறிய மண்டைக்கு அதுதான் விளங்கியது.  யாரிடம் போவது? தொலைந்ததைத் தேடித் தருகிறவர் அந்தோனியார். கார்ச் சாவிக்கும் மூக்குக்கண்ணாடிக்கும் கத்தோலிக்கர் நாங்கள் அவரைத்தான் அலைக்கழிப்போம். நாணலுக்குள் இருந்தபடி, கழுத்தை நெரிக்கும் தாரா ஜக்கெற்றோடு, உரத்த குரலில் நேர்த்தி வைத்தேன்.

"அந்தோனியாரே, என்ரை பிள்ளையைக் காட்டும். மெழுகுதிரி கொளுத்துறன்."

தண்ணீர் அசையவில்லை.

"பெரிய மெழுகுதிரி."

ஒன்றுமில்லை.

"வாற வருஷம் கெவலாருக்கு வாறன்." (ஜெர்மனியில் இருக்கிற திருத்தலம். எங்கள் ஆட்கள் கோடையில் பஸ் பிடித்துப் போவார்கள். நான் எப்படியும் போகிறவள். அது அவருக்கும் தெரிந்திருக்கவேண்டும்.)

"இனிமேல் தேத்தண்ணி குடிக்கமாட்டன்."

அந்தப் பறவை தண்ணீருக்குள் முங்கியது. அதற்கும் என்மேல் நம்பிக்கை இல்லை. என்னிடம் இருந்தது இன்னும் ஒன்றே ஒன்றுதான். அதைக் கொடுக்கக்கூடாது என்றுதான் கடல் கடந்து வந்திருந்தேன்.

"சரி. எஃப்டர்ஸ்கோலவுக்கு விடுறன். முழு வருஷமும். அவள் உயிரோட இருந்தால் காணும், எங்கயெண்டாலும் இருக்கட்டும்." அழுகை வந்துவிட்டது. "போனும் ஒரு நாளைக்கு ஒருக்காத்தான் அடிப்பன்... கிழமைக்கு ஒருக்கா."

படகு பின்பக்கம் மெல்லத் தாழ்ந்தது. கரடி என்றே நினைத்தேன். திரும்பிப் பார்த்தால், ஈரத் தலையோடு மெலனி. இரண்டு கையாலும் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் மிதந்தாள். அவளுக்குப் பின்னால் பக்கத்துக் கொட்டேஜ் அம்மா கயாக்கில் இருந்தபடி, மரியாதையாக வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் தலைமயிரைப் பிடித்து இழுத்து நெற்றியில் கொஞ்சினேன். பிறகு ஒரு அடி அடித்தேன். பிறகு மறுபடியும் கொஞ்சினேன். படகு ஆடியது.

"நீ எப்ப வந்தனீ?" என்றேன்.

அன்றைக்கு அவள் டேனிஷில் பதில் சொல்லவில்லை. அந்தோனியாருக்கும் விளங்கட்டும் என்று நினைத்தாளோ என்னவோ, சுத்தமான தமிழில் சொன்னாள்:

"மெழுகுதிரி சொல்லேக்கையே வந்திட்டன், அம்மா. இன்னும் கூடுமோ எண்டு பாத்துக்கொண்டு நிண்டனான்."